மழைநீர் வடிகாலில் எது போகலாம்? வாசகர் கேள்வி – பதில்

சுற்றுப்புறத் தூய்மைக்கேடு, அது தொடர்பான சட்டம், நடைமுறை குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: கார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். ஒருநாள் மழைக்குப் பிறகு வாசல் வடிகாலில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறது என்று அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். எங்களிடம் கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் ஆயில் இன்டர்செப்டர் தொட்டி இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தமும் செய்கிறோம். பிறகு எப்படி எண்ணெய் வெளியே போனது?
— காக்கி புக்கிட் வாசகர்

இன்டர்செப்டர் இருக்கிறது என்பதும் வடிகாலில் எண்ணெய் இருக்கிறது என்பதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. சிங்கப்பூரில் தண்ணீர் வெளியேற இரண்டு தனித்தனிப் பாதைகள் உண்டு. ஒன்று மழைநீர் வடிகால். அதில் விழுவது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் கால்வாய்க்கும், பெரும்பாலான இடங்களில் அங்கிருந்து நீர்த்தேக்கத்துக்கும் போகும். தீவின் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. மற்றொன்று கழிவுநீர்க் குழாய். அது கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நீர் மீட்பு நிலையத்துக்குப் போகிறது. உங்கள் இன்டர்செப்டர் இந்த இரண்டாவது பாதையில்தான் உட்கார்ந்திருக்கிறது. வடிகாலில் எண்ணெய் தெரிந்தால், இன்டர்செப்டரைத் தொடாத ஏதோ ஓர் இடத்திலிருந்து அது ஓடியிருக்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மழை இல்லாத நாளில் ஒரு வாளித் தண்ணீரோடு பட்டறையைச் சுற்றி வாருங்கள். வாசல் சரிவு, பின்பக்கம், பழைய எஞ்சின் அடுக்கிய மூலை, எண்ணெய் டிரம் நிற்கும் இடம், பழுதுக்கு வந்த வண்டிகள் வரிசையில் நிற்கும் இடம் என ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். வெளி வடிகாலை நோக்கி ஓடும் இடம் எதுவானாலும் அங்கே எண்ணெய் சொட்டும் எந்தப் பொருளும் இருக்கக்கூடாது. பெரும்பாலும் மாட்டுவது வாசலில் இரவு நிறுத்திய வண்டியும், கூரை விளிம்புக்கு வெளியே கால்பங்கு நீட்டிக்கொண்டு நிற்கும் டிரம்மும்தான். டிரம்மின் மூடிமேல் தேங்கும் மழைநீர் விளிம்பு வழியே எண்ணெயைக் கழுவிக்கொண்டு இறங்கும்.

டிரம்மைக் கூரைக்குள் கொண்டுவந்து, சுற்றிலும் திண்டு கட்டிய தளத்திலோ, சிந்துவதைப் பிடிக்கும் ஸ்பில் பேலட்மேலோ வையுங்கள். ஒரு டிரம் முழுவதும் கொட்டினாலும் அந்தத் திண்டு தாங்க வேண்டும். 200 லிட்டர் டிரம்முக்கு 220 லிட்டர் கொள்ளளவு வைப்பது தொழிலில் உள்ள பழக்கம். திண்டுக்குள் வடிகால் துளை இருந்தால் அடைத்துவிடுங்கள்.

இன்டர்செப்டரும் தோற்கலாம். எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது, அசையாமல் நின்றால் மேலே மிதக்கும் என்ற ஒரே கணக்கில்தான் அது வேலை செய்கிறது. தரை கழுவ, பிசுக்கு நீக்கும் டிகிரீசர் ஊற்றினால் எண்ணெய் பால்போல் தண்ணீரோடு கலந்துவிடும், மிதக்காது. மூன்று அறையையும் தாண்டிப் போய்விடும். உயர் அழுத்தக் குழாயும் இதே வேலையைச் செய்யும். ஆகவே முதலில் மரத்தூளோ உறிஞ்சும் பஞ்சோ போட்டு எண்ணெயை எடுங்கள், பிறகு கழுவுங்கள். அந்தப் பஞ்சைப் பொதுக் குப்பையில் போடக்கூடாது. வண்டி கழுவும் இடத்துக்குக் கூரை கட்டாயம் கேட்பதற்கும் காரணம் உண்டு: திறந்த இடமாக இருந்தால் நம் ஊர் மழை ஒன்றே போதும், தொட்டியில் சேர்ந்த எண்ணெய் முழுவதையும் அடித்துக்கொண்டு போய்விடும்.

கழித்த எஞ்சின் எண்ணெய் நச்சுத் தொழிற்கழிவுப் பட்டியலில் வருவது. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்ற நச்சுக்கழிவுச் சேகரிப்பாளரிடம் மட்டுமே கொடுக்கலாம். கொடுத்தவர், ஏற்றிச் சென்றவர், பெற்றவர் மூவரும் பதியும் ஒப்படைப்பு ஆவணம் ஒவ்வொரு முறையும் இருக்க வேண்டும். ‘பணம் கொடுத்து எடுத்துக்கொள்கிறேன்’ என்று வேனில் வருபவரிடம் இந்த ஆவணத்தைக் கேளுங்கள். இல்லையென்றால் டிரம்மைத் தொட விடாதீர்கள். ரேடியேட்டர் கூலண்ட்டையும் இன்டர்செப்டரில் ஊற்றாதீர்கள். அது தண்ணீரில் கரைந்துவிடுவதால் தொட்டியால் அதை எதுவும் செய்ய முடியாது. தனி டிரம் வையுங்கள்.

விளக்கக் கடிதத்தில் ‘சுத்தம் செய்கிறோம்’ என்று மட்டும் எழுதாமல், வாளிச் சோதனையில் கண்டதையும் மாற்றியதையும் படத்தோடு எழுதுங்கள். நச்சுப்பொருளை வடிகாலில் விடும் குற்றத்துக்கு முதல் முறையே 50,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அலட்சியமாகப் பதில் எழுதும் நேரமல்ல இது.

கேள்வி: எங்கள் பிரியாணிக் கடையில், கழுவும் தண்ணீரிலிருந்து கொழுப்பைப் பிடிக்கும் கிரீஸ் டிராப் தொட்டி அடிக்கடி நிரம்பி நாற்றம் வருகிறது. என்சைம் மருந்து ஊற்றினால் சுத்தம் செய்யவே வேண்டாம் என்று ஒருவர் விற்க வருகிறார். வாங்கலாமா?
— லிட்டில் இந்தியா வாசகர்

அந்தக் காசுக்குச் சல்லடை வாங்குங்கள்.

கிரீஸ் டிராப்பும் முன்சொன்ன கணக்குதான்: தண்ணீர் மெதுவாக நகர வேண்டும், ஆற வேண்டும், கொழுப்பு உறைந்து மேலே நிற்க வேண்டும். உங்கள் கடையில் அது நடக்காமல் போக மூன்று காரணம் இருக்கலாம். முதலாவது, அண்டாவில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவி அப்படியே தொட்டியில் சாய்ப்பது. நெய்யும் ஆட்டுக்கொழுப்பும் உருகிய நிலையிலேயே டிராப்பைக் கடந்து, பின்சந்தில் உள்ள குழாயில் போய் உறையும். இரண்டாவது, சோறு. சோற்றுப் பருக்கை ஊறிப் பருத்து அடியில் படியும், அழுகும், நாற்றம் பெரும்பாலும் மேலே மிதக்கும் கொழுப்பிலிருந்து அல்ல, இந்த அடிச்சேற்றிலிருந்துதான் வரும். மூன்றாவது, சுத்தம் செய்பவர் மேலே மிதப்பதை மட்டும் அள்ளிக்கொண்டு அடிச்சேற்றை விட்டுவிட்டுப் போவது.

என்சைமும் சோப்பும் கொழுப்பை உங்கள் தொட்டியிலிருந்து அகற்றும், உண்மைதான். எங்கே அகற்றும் என்பதைத்தான் விற்பவர் சொல்வதில்லை. கலங்கிக் கரைந்துபோன கொழுப்பு கீழே குழாயில் மறுபடி சேரும். கழிவுநீர்க் குழாயில் விடும் தண்ணீருக்கு வரம்பு இருக்கிறது: சமையல் எண்ணெய் வகைக் கொழுப்பு லிட்டருக்கு 100 மில்லிகிராம், மிதக்கும் திடப்பொருள் 400 மில்லிகிராம், வெப்பநிலை 45 டிகிரி, அமில–காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 6 முதல் 9. தேசியத் தண்ணீர் அமைப்பான பியுபி மாதிரி எடுத்துச் சோதித்தால் என்சைம் புட்டியைக் காட்டித் தப்ப முடியாது.

தட்டையும் அண்டாவையும் முதலில் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் தண்ணீரில் காட்ட வேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டியின் வாயில் சல்லடை வைத்து, அதை எடுத்துவிட்டுக் கழுவும் பையனைக் கண்டியுங்கள். கழித்த பொரிப்பெண்ணெயைச் சிறிதும் தொட்டியில் விடாமல் டின்னில் சேர்த்து, உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள். பொரிப்பெண்ணெய்க்கு விலை உண்டு, டிராப் கொழுப்புக்கு நீங்கள்தான் விலை கொடுக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்வது என்று கேட்டு வருகிறவர்களுக்கு நாங்கள் தேதி சொல்வதில்லை. ஒரு குச்சியை அடிவரை விட்டு அளந்து பாருங்கள். மேல்கொழுப்பும் அடிச்சேறும் சேர்ந்து தண்ணீர் ஆழத்தில் கால்பங்கைத் தொட்டுவிட்டால் அழைக்க வேண்டும். 400 மில்லிமீட்டர் ஆழம் என்றால் 100 மில்லிமீட்டர். தீபாவளி வாரத்தில் அந்த அளவு மூன்றே நாளில் வரலாம். வருபவர் முழுத் தொட்டியையும் உறிஞ்சி, சுவரைச் சுரண்டி, தடுப்புப் பலகை இடம் மாறாமல் நிற்கிறதா என்று பார்த்து, கடைசியில் சுத்தமான தண்ணீரால் நிரப்பிவிட்டுப் போக வேண்டும். காலியாக விட்டுப் போனால் முதலில் வரும் எண்ணெய் நேராக வெளியே போய்விடும். அவர் கழிவு அள்ளும் உரிமத்தில் கொழுப்பும் கழிவுச்சேறும் அடங்கிய ‘சி’ பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். ரசீதுகளை ஒரு கோப்பில் வையுங்கள்.

கேள்வி: புகைமூட்டக் காலத்தில் பிஎஸ்ஐ எனும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு ஒன்று சொல்கிறது, பிஎம் 2.5 எனும் நுண்துகள் எண் வேறொன்று சொல்கிறது. பிள்ளையைத் திடலுக்கு அனுப்ப எதைப் பார்ப்பது?
— ஈசூன் வாசகி

இப்போது அனுப்பலாமா என்றால் ஒரு மணி நேர பிஎம் 2.5. நாளைக்குத் திட்டமிட என்றால் 24 மணி நேர பிஎஸ்ஐ முன்னறிவிப்பு. பிஎஸ்ஐ ஆறு மாசுப்பொருள்களைக் கணக்கிட்டு, அவற்றில் மோசமானதன் எண்ணைத் தருகிறது. நுண்துகளுக்கு அது 24 மணி நேரச் சராசரி என்பதால், காற்று திரும்பிப் புகை சட்டென்று அடர்ந்தாலும் எண் மெதுவாகத்தான் ஏறும். விலகும்போதும் மெதுவாகவே இறங்கும். மணிநேர பிஎம் 2.5 அளவில் 55 மைக்ரோகிராம் வரை வழக்கமானது, 56 முதல் 150 வரை கூடுதல், 151 முதல் 250 வரை அதிகம், அதற்கு மேல் மிக அதிகம். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என ஐந்து வட்டாரத்துக்கும் தனித்தனி எண் வருகிறது, உங்களுக்கு வடக்கு. ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் எண் 56ஐத் தொட்டதுமே வீட்டில் வைத்துக்கொள்வதுதான் எங்கள் கட்சி.

கேள்வி: எங்கள் புளோக்குக்கு எதிரே கட்டுமானத் தளம். காலையிலிருந்து இடி இடிப்பதுபோல் சத்தம். கைப்பேசிச் செயலியில் 85 டெசிபெல் காட்டுகிறது. 75தான் வரம்பு என்கிறார்கள். புகார் கொடுத்தால் ‘வரம்புக்குள் இருக்கிறது’ என்று பதில் வருகிறது. யாரை நம்புவது?
— தெங்கா வாசகர்

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். குடியிருப்பிலிருந்து 150 மீட்டருக்குள் உள்ள தளத்துக்குத் திங்கள் முதல் சனி வரை காலை 7 முதல் மாலை 7 வரை 75 டெசிபெல் என்பது 12 மணி நேரத்தின் சராசரி. இது நாம் பள்ளியில் போட்ட கூட்டி வகுக்கும் சராசரி அல்ல, ஒலி ஆற்றலின் சராசரி. 12 மணி நேரத்தில் ஒரே ஒரு மணி நேரம் 85 டெசிபெல், மற்ற 11 மணி நேரம் 60 டெசிபெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி ஏறக்குறைய 74.4 வரும். அதாவது வரம்புக்குள். அந்த 85 இன்னும் 10, 15 நிமிடம் கூடுதலாக நீடித்தால் 75ஐத் தாண்டிவிடும். ஆகவே எவ்வளவு சத்தம் என்பதோடு எவ்வளவு நேரம் என்பதையும் குறித்து வையுங்கள்.

இதோடு ஐந்து நிமிடச் சராசரிக்கும் ஒரு வரம்பு உண்டு, பகலில் 90. மாலை 7 முதல் இரவு 10 வரை ஒரு மணி நேரச் சராசரி 65, ஐந்து நிமிடத்துக்கு 70. இரவு 10 முதல் காலை 7 வரை இரண்டுமே 55. பகலில் தப்பிக்கும் தளம் இரவில் தப்புவது கடினம். மாலை 7 மணிக்கு மேல் கான்கிரீட் ஊற்றும் வேலை நீளும் நாள்களைக் குறிவையுங்கள்.

கைப்பேசிச் செயலியின் எண்ணை யாரும் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதன் ஒலிவாங்கி பேச்சுக்காகச் செய்யப்பட்டது, ஆழ்ந்த இடிச்சத்தத்தைச் சரியாக அளக்காது. ஆனால் எந்த நேரம், எந்த இயந்திரம், எத்தனை நிமிடம் என்று தேதியோடு எழுதிய பட்டியலும் நேரம் தெரியும் காணொளியும் மிக உதவும். அதிகாரிகள் மீட்டர் வைக்க வரும்போது எந்த நேரத்தில் வைப்பது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். பொதுமக்கள் புகார் தெரிவிக்கும் ‘ஒன்சர்விஸ்’ செயலியில் ‘எப்போதும் சத்தம்’ என்று ஒரு வரி போட்டால் பலன் குறைவு.

சராசரிக் கணக்கே தேவைப்படாத விதி ஒன்றும் இருக்கிறது: 150 மீட்டருக்குள் உள்ள தளங்களில் சனி இரவு 10 முதல் திங்கள் காலை 7 வரையும், பொது விடுமுறைக்கு முந்திய இரவு 10 முதல் விடுமுறைக்கு மறுநாள் காலை 7 வரையும் வேலை கூடாது. பாதுகாப்புக்காக முன்கூட்டியே அனுமதி வாங்கிய வேலை மட்டும் விலக்கு. ஞாயிறு வேலை நடந்தால் டெசிபெல் பேச வேண்டியதே இல்லை.

சத்தம் மேல்வீட்டுப் புதுப்பிப்பு வேலையிலிருந்து வந்தால் அது வேறு விதி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சுவர் உடைப்பது, தரைக்கல் பெயர்ப்பது எல்லாம் வாரநாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான். சனிக்கிழமை சத்தமில்லாத வேலைக்கு மட்டும் இடமுண்டு.

கேள்வி: தரைவீடு. வேலைக்கு வந்த குத்தகைக்காரர் சிமென்ட் கலவைத் தட்டைக் கழுவி வடிகாலில் ஊற்றுகிறார். ‘வெறும் மண்தானே அண்ணே, மழை அடித்துக்கொண்டு போய்விடும்’ என்கிறார். அப்படியா?
— சிராங்கூன் கார்டன்ஸ் வாசகர்

மழை அடித்துக்கொண்டு போகும் இடம்தான் பிரச்சினை. கட்டுமான இடத்திலிருந்து வடிகாலில் விழும் தண்ணீரில் மிதக்கும் மண், தூசு லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தாலே அந்த அளவைத் தாண்டியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். சிமென்ட் தண்ணீருக்குக் கூடுதல் கெடுதல் ஒன்று உண்டு: அதன் பிஎச் 12 வரை போகும், மீனைக் கொல்லும் காரம் அது.

தட்டையும் கரணையையும் ஒரே வாளியில் கழுவச் சொல்லுங்கள். இரவு முழுவதும் அசையாமல் விட்டால் சிமென்ட் அடியில் கட்டியாகும். காலையில் மேல்தண்ணீரை மறு கலவைக்குப் பயன்படுத்தலாம், கட்டியைக் கட்டடக் குப்பையோடு போடலாம். வடிகாலில் ஏற்கெனவே படிந்திருந்தால் மண்வெட்டியால் சுரண்டி எடுக்க வேண்டும். குழாய் பிடித்துத் தள்ளினால் இரண்டாவது குற்றம்.

1977ல் தொடங்கிப் பத்தாண்டு எடுத்த சிங்கப்பூர் ஆறு, காலாங் ஆற்றுச் சுத்திகரிப்பில் தண்ணீரைச் சுத்தம் செய்ததைவிட அதில் வந்து விழுவதை நிறுத்தியதே பெரிய வேலை: பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள், தெருவோர உணவுக் கடைகள், கழிவுநீர்க் குழாய் இல்லாத வீடுகள். உங்கள் குத்தகைக்காரருக்கு இது சுவாரசியமாக இருக்காது. ஆனால் வீட்டு உரிமையாளருக்கும் கேள்வி வரும் என்று சொல்லிப் பாருங்கள், அது காதில் ஏறும்.

கேள்வி: மிளகாய், மல்லி, மசாலா அரைத்துப் பொட்டலம் போடும் சிறு ஆலை தொடங்க ஆசை. தொழிற்பேட்டையில் ஓர் இடம் மலிவாக வருகிறது. என்னென்ன அனுமதி வேண்டும்?
— உட்லண்ட்ஸ் வாசகி

முன்பணம் கட்டாதீர்கள். முதலில் அந்த இடம் எந்த வகை மண்டலம் என்று நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டத்தில் பாருங்கள். ‘பி1’ மண்டலம் இலேசான, தூய்மையான தொழிலுக்கு உரியது. குடியிருப்பிலிருந்து 50 மீட்டருக்கு மேல் இடைவெளி தேவைப்படும் தொழில் அங்கே கூடாது. பொதுத் தொழிலுக்கு 100 மீட்டர், சிறப்புத் தொழிலுக்கு 500 மீட்டர் என்று ‘பி2’ மண்டலத்தில் போகும். மிளகாய் அரைப்பது தூசும் நெடியும் உள்ள வேலை. மல்லி வறுப்பதும் அங்கேயே என்றால் நெடி இன்னும் கூடும். மலிவாக வரும் ‘பி1’ இடம் இதனால்தான் சிலருக்கு விலையேறிப் போகிறது: குத்தகை ஓடிக்கொண்டிருக்கும், அனுமதி வராது.

தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் இசைவு கேட்கும்போது இயந்திரப் பட்டியல், ஒரு நாளில் அரைக்கும் கிலோ, வறுப்பு எரிவாயுவிலா மின்சாரத்திலா, புகைபோக்கி எங்கே முடிகிறது, கழுவும் தண்ணீர் எங்கே போகிறது, தூசு எப்படிப் பிடிக்கப்படும் என்பதை வரைபடத்தோடு கொடுங்கள். ‘மசாலா தயாரிப்பு’ என்று இரண்டு சொல் எழுதினால் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். உணவு ஆலை உரிமம் தனி. அது சிங்கப்பூர் உணவு அமைப்பிடம்.

தூசுக்கு, காற்றைச் சுழற்றித் துகளைப் பிரிக்கும் சைக்ளோன் மட்டும் போதாது. பெருந்துகள் அதில் விழும், மூக்கை எரிக்கும் நுண்தூள் தப்பிவிடும். பின்னால் பை வடிகட்டி வேண்டும். மிளகாயில் எண்ணெய் இருப்பதால் பைத்துணியில் அப்பி அடைத்துக்கொள்ளும். அழுத்த வேறுபாடு காட்டும் மானி ஒன்று கட்டாயம் பொருத்துங்கள், இல்லையென்றால் அடைத்தது தெரியாமலேயே ஆலைக்குள் தூசு திரும்பும். அரைவை சூடேறாமல் பார்ப்பதும் முக்கியம். வேகமாகத் திணித்தால் மணம் ஆவியாகிப் போகும். உங்களுக்குச் சரக்கு நஷ்டம், பக்கத்துக் கடைக்குத் தும்மல். வறுப்புக் கூடத்துக்கு முதலில் எண்ணெய்ப் புகையைப் பிடிக்கும் மின்நிலை வடிகட்டி, அதற்குப் பிறகு கரி வடிகட்டி. வரிசை மாறினால் கரி சில வாரத்தில் எண்ணெயில் ஊறிப் பயனற்றுவிடும்.

மசாலாத் தூள் வெடிக்கும் என்பதை இத்துறையில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. காற்றில் அடர்ந்து மிதக்கும் எந்த உணவுத்தூளும் தீப்பொறி பட்டால் பற்றும். 2021 பிப்ரவரியில் துவாசில் மூவரைப் பலிகொண்ட வெடிப்பைத் தொடர்ந்து பரவிய தீயில் உருளைக்கிழங்கு மாவுத்தூளுக்குப் பங்கு இருந்தது. தூசுக் குழாய்களை மின்நிலத்தோடு (எர்த்) இணையுங்கள். உத்தரத்தின்மேல் படியும் படலத்தை ஒரு மில்லிமீட்டர் சேருமுன்பே துடைத்தெடுங்கள். அழுத்தக் காற்றால் ஊதிப் பறக்கவிடாதீர்கள்.

கேள்வி: குளிர்சாதனத்துக்கு ஆண்டுதோறும் ‘கேஸ் டாப்–அப்’ வேண்டும் என்கிறார் பழுதுபார்ப்பவர். பழைய யூனிட், 410ஏ எனும் குளிரூட்டும் வாயு. மாற்றினால் நல்லதா?
— ஜூரோங் வெஸ்ட் வாசகர்

வாயு எரிபொருள் அல்ல, தீராது. குறைந்தால் எங்கோ கசிகிறது, பெரும்பாலும் குழாய் இணைப்பு முனையில். சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள். அடைக்காமல் நிரப்புவது பணத்தையும் வாயுவையும் காற்றில் விடுவது. 410ஏ ஒரு கிலோ கசிந்தால் புவியைச் சூடாக்குவதில் அது ஏறக்குறைய 2,088 கிலோ கரிமவாயுவுக்குச் சமம்.

2022 அக்டோபர் 1 முதல் புவிவெப்ப மதிப்பு (கரிமவாயுவைப்போல் எத்தனை மடங்கு சூடாக்கும் என்ற எண்) 750ஐத் தாண்டும் வாயு உள்ள புது வீட்டுக் குளிர்சாதனங்களை இங்கே சந்தைக்குக் கொண்டுவர முடியாது. அதனால் புதியவற்றில் 675 மதிப்புள்ள ஆர்32தான் பெரும்பாலும் வருகிறது. பழைய 410ஏ யூனிட்டில் ஆர்32 நிரப்ப யாராவது முன்வந்தால் அனுமதிக்காதீர்கள். அது இலேசாகப் பற்றக்கூடியது, அந்த இயந்திரம் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. மாற்றுவதானால், கழற்றும் முன் பழைய வாயுவை மீட்பு இயந்திரத்தால் சிலிண்டரில் எடுப்பாரா என்று விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள். குழாயை வெட்டிச் சீறவிடுபவருக்கு வேலை கொடுக்க வேண்டாம்.